சஸ்பெக்ட் எக்ஸ்: அழுகுணி ஆட்டமா, நேர்மையான புதிரா?

பின்னட்டை:
இந்த மாதம் மூன்று க்ரைம் நாவல்கள் முடித்தேன். இரண்டை ரயிலில் படித்து ரயிலிலேயே மறந்துவிட்டேன். மூன்றாவது, கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005, ஆங்கிலத்தில் 2011. முடிவைச் சொல்லிவிடப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும்.

டோக்கியோவில் சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் வேலை பார்ப்பவள் யாசுகோ. தொல்லை தரும் முன்னாள் கணவனை அவளும் மகளும் வீட்டுக்குள்ளேயே கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு ஆசிரியர் இஷிகாமி காப்பாற்ற வருகிறார். பிறகு ஆற்றங்கரையில் முகம் சிதைந்த பிணம் கிடைக்கிறது. மார்ச் 10 இரவு எங்கே இருந்தாய் என்று போலீஸ் துருவித் துருவிக் கேட்கிறது. சினிமா, கரோக்கி என்று அவள் சொல்வதெல்லாம் உண்மை. ஏனென்றால் கணவன் செத்தது 9ஆம் தேதி. 10ஆம் தேதி பிணம் வேறு ஆளுடையது. ஆற்றோரம் தங்கியிருந்த வீடற்ற ஒருவரை இஷிகாமியே கொன்றிருக்கிறார்.

கொலை நடக்கும் பக்கங்களில் தேதியே கிடையாது. வாசகன் கண்ணைக் கட்டிவிட்டு, "கண்டுபிடி பார்க்கலாம்" என்றால் அது அழுகுணி ஆட்டம்.

கணக்குவாத்தியார்:
தேதியை அவர் சொல்லவில்லை, சரி. 10 என்று ஊகித்தது யார்? நீங்கள்தானே. பொய் சொல்வது வேறு, சும்மா இருப்பது வேறு. 1926இல் அகதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கதை சொல்பவனையே கொலைகாரனாக்கியபோதும் இதே சண்டை வந்தது.

துப்பு எல்லாம் கண்ணெதிரில் கிடக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே இஷிகாமி பள்ளிக்கு நடந்து போகும் வழியில் வீடற்றவர்களின் நீலத் தார்ப்பாய்க் குடிசைகளைப் பார்க்கிறார். அங்கே புதிதாக வந்து சேர்ந்த ஒருவரை மனதுக்குள் 'எஞ்சினியர்' என்று அழைக்கிறார். பின்னால் அந்த ஆள் காணாமல் போகிறார். போதாததற்கு, ஜியோமெட்ரி மாதிரித் தெரியும், ஆனால் அல்ஜீப்ராவில் விடை இருக்கும் என்று தன் பரீட்சைக் கேள்வியைப் பற்றி அவரே பேசுகிறார். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? நான் இருபது வருடமாகப் பரீட்சைத்தாள் தயாரிப்பவன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தேன்.

ராத்திரிவண்டி:
இதைத்தானே 2015இல் 'பாபநாசம்' என்று எடுத்தார்கள்?

கணக்குவாத்தியார்:
இல்லை தம்பி. அந்தப் படத்தின் நாயகன் சுயம்புலிங்கம் சாட்சிகளின் ஞாபகத்தில் தேதியை மாற்றுகிறான். இங்கே சாட்சிகள் யாருக்கும் ஞாபகப் பிசகு இல்லை. பிணம் மாறுகிறது, அதனால் போலீஸ் கேட்கும் தேதி மாறுகிறது.

பூனைக்கண்:
நீங்கள் இரண்டு பேரும் தேதியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது தலைப்பில் இருக்கும் 'டிவோஷன்'. ஒருதலையாக நேசித்த பெண்ணுக்காக, சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கொன்றவருக்குப் பக்தன் பட்டமா? என் தோழிகள் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் இஷிகாமிக்காக அழுதேன் என்கிறார்கள். எஞ்சினியருக்காக அழுத ஒருத்தியைக்கூட நான் பார்க்கவில்லை.

கணக்குவாத்தியார்:
அம்மா, நீங்கள் சொல்வதுதான் அந்தப் புதிரின் சாவியே. பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு திருட்டு சைக்கிள் கிடக்கும், ஞாபகம் இருக்கிறதா? அது ஏன் புது சைக்கிள் என்று யோசித்தீர்களா? புதியது திருடு போனால் சொந்தக்காரர் புகார் கொடுப்பார், நேரம் போலீஸுக்குத் தெரியும், சம்பவம் 10ஆம் தேதிதான் என்று உறுதியாகும். மனிதர் விஷயத்தில் கணக்கு தலைகீழ். யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார். சைக்கிளைத் தேட ஆள் இருக்கிறது, அவரைத் தேட இல்லை. நாமும் முதல் அத்தியாயத்தில் அவரைத் தாண்டித்தானே போனோம்? அவரைப் பொருட்படுத்தியிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

பின்னட்டை:
சைக்கிள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அழுகுணி என்று சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மீதிப் பாதியை விட மாட்டேன். நாம் அவரைத் தாண்டிப் போனது தப்பு என்றால், ஆசிரியர் மட்டும் என்ன செய்தார்? தற்கொலைக்குத் தயாராக நின்ற இஷிகாமி, அழைப்பு மணி, புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் வாசலில் நின்றது என்று ஒரு காட்சியை உருக உருக எழுதத் தெரிந்தவர், செத்தவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கொலைகாரர் மனதுக்குள் வைத்த பட்டப்பெயரோடேயே போய்விட்டார்.

கணக்குவாத்தியார்:
பெயர் வைத்திருந்தால் நீங்கள் பத்தாம் பக்கத்திலேயே உஷாராகியிருப்பீர்கள். புதிர் போச்சு.

பூனைக்கண்:
வாத்தியார் சார், அதைத்தான் நானும் சொல்கிறேன். புதிருக்காக அவரை இரண்டு பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் இஷிகாமி.

கணக்குவாத்தியார்:
ம். இதற்கு என்னிடம் உடனடி பதில் இல்லை. ஜப்பானிலேயே இது அசல் துப்பறியும் புதிரா இல்லையா என்று பெரிய சண்டை நடந்தது. அங்கே பெரிய இலக்கியப் பரிசான நவோகியும் வாங்கியது, புதிர் நாவல்களுக்கென்றே உள்ள ஹோன்காகு பரிசும் வாங்கியது. ஆனால் நீங்கள் கேட்பது வேறு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி படித்துவிட்டு வருகிறேன்.

ராத்திரிவண்டி:
நான் இன்னும் படிக்கவே இல்லை. இறங்கிக்கொள்ளச் சொன்னதை இப்போதுதான் பார்த்தேன்.