பென்டியம் 4 பெட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொல்ல டெபியன் யார்?

கொட்டாஞ்சேனைவாசி: "32 பிட் சிப் உள்ள பழைய கணினி இனி யாரிடம் இருக்கிறது? லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வகையான டெபியன், 13 ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டதில் யாருக்கு நட்டம்?" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் இருக்கிறது ஐயா. எங்கள் தெரு ரியூசன் பிள்ளைகள் ஒரு பென்டியம் 4 பெட்டியில்தான் தமிழ்த் தட்டச்சுப் பழகுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13 இல் 32 பிட்டுக்கு நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் கருவான கேர்னலும் இல்லை. முடிந்தால் அடுத்த வகையான 64 பிட்டாக நிறுவு, முடியாவிட்டால் வன்பொருளுக்கு ஓய்வு கொடு என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்கிறார்கள். பென்சனும் அவர்களே தருவார்களா?

கேர்னல் கிறுக்கன்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்ல என்ன பயம்? பென்டியம் 4 இல் 64 பிட் உண்டு. படித்துவிட்டு வாருங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி: பென்டியம் 4 என்றால் 32 பிட். ஊருக்கே தெரியும்.

கேர்னல் கிறுக்கன்: எந்த ஊருக்கு? 2005 இல் இறங்கிய 600 வரிசை முழுக்க 64 பிட். 630 ஐப் போய்ப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்ற கட்டளையை அடியுங்கள், சிப்பின் விவரத்தில் எல்எம் (lm) என்று வந்தால் 64 பிட். இவ்வளவுதான் விசயம்.

கொட்டாஞ்சேனைவாசி: அடித்தாயிற்று. சிப் பொருத்தும் இடம் பழைய 478 சொக்கெட், வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ். எல்எம் இல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கேர்னல் கிறுக்கன்: அப்படியானால் "என் பென்டியம் 4" என்று எழுதியிருக்க வேண்டும். 630, 64 பிட். திரும்பவும் சொல்கிறேன், 64 பிட்.

வெள்ளவத்தை அக்கா: தம்பிமாரே, டெபியன் 12 க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதிலேயே இருந்தால் என்ன? அதற்குள் அந்த போர்டின் கபாசிட்டர் வீங்கிவிடும்.

கொட்டாஞ்சேனைவாசி: 2028 க்குப் பிறகு, அக்கா?

கேர்னல் கிறுக்கன்: அக்கா, நீங்கள் இதற்குள் வராதீர்கள். மற்ற லினக்ஸ் வகைகளைப் பாருங்கள்: ஆர்ச் 2017 இல் 32 பிட்டை விட்டது. உபுண்டு அதே வருசம் 17.10 இல் 32 பிட் டெஸ்க்டொப் நிறுவியை நிறுத்தியது. பெடோரா 2019 இல் 31 ஆம் பதிப்போடு 32 பிட் கேர்னலை நிறுத்தியது. அப்போதெல்லாம் நித்திரை கொண்டவர்கள் இப்போது எழும்பி நியாயம் கேட்கிறார்கள். அந்தப் பெட்டி இழுக்கும் கரண்டுக் காசில் யுனிட்டி பிளாசாவில் பாவித்த கோர் 2 டியோ சிப் கணினி ஒன்று வாங்கலாம். 2006 இல் வந்தது, 64 பிட்.

தெஹிவளைத் தம்பி: கோர் 2 டியோ வாங்கினால் மட்டும் நிம்மதியா அண்ணா? ரெட் ஹெட் என்ற லினக்ஸின் 10 ஆம் பதிப்புக்கு எக்ஸ்86-64-வி3, அதாவது 64 பிட்டிலேயே பிந்திய தரச் சிப் வேண்டும். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத அந்த வகைச் சிப் எதிலும் அது ஓடாது. இன்டெலில் அது வந்ததே 2013 இல், ஹாஸ்வெல்லோடுதான். ரெட் ஹெட்டை ஒத்த அல்மா லினக்ஸ் ஆவது அதற்கு முந்திய தரமான வி2 க்குத் தனியாக ஒன்று தருகிறது, ஆனால் கோர் 2 டியோ அதற்கும் பற்றாது. நாளைக்கு டெபியனும் இதையே செய்தால்?

கேர்னல் கிறுக்கன்: ரெட் ஹெட்டை இங்கே யார் கேட்டது? பென்டியம் 4 பற்றிக் கதைக்கிறோம்.

கொட்டாஞ்சேனைவாசி: தம்பி சொன்னதுதான் சரியான கதை. 2022 இல் டொலரும் இல்லை, கரண்டும் இல்லை என்று கிடந்தபோது புதுக் கணினிக்கு யாரிடம் காசு இருந்தது? இந்தப் பெட்டிதான் ஓடியது. உங்களுக்கு என்ன, ஒபிசில் லப்டொப் தருகிறார்கள்.

கேர்னல் கிறுக்கன்: என் லப்டொப்பை ஏன் இழுக்கிறீர்கள்? அதுசரி, அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பாமினி எழுத்துருதானே பழக்குகிறீர்கள்? எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து முறை வந்து எவ்வளவு காலம்! அதைத்தான் முதலில் ஓய்வுக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளவத்தை அக்கா: பாமினியைச் சொன்னால் எனக்கும் கோபம் வரும். எங்கள் அச்சகத்துப் பழைய கோப்பு அத்தனையும் பாமினி.

கொட்டாஞ்சேனைவாசி: பாருங்கள், பதில் இல்லாவிட்டால் எழுத்துருவுக்குத் தாவுவார். போன சந்திப்பில் என் பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனவரும் இவர்தான். இன்னும் திருப்பித் தரவில்லை.

கேர்னல் கிறுக்கன்: 630, 64 பிட் என்று எழுதுங்கள். அப்புறம் பென் டிரைவைப் பற்றிக் கதைக்கலாம்.