வேட்டைக்காரனுக்கு எத்தனை ரைபிள் வேண்டும்?

சாப்டூர் சம்சாரி:
டெக்சாஸில் இருக்கும் நம்ம வாடிப்பட்டித் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நாலு ரைபிள் இல்லாதவன் வேட்டைக்காரனே இல்லையாம். முயலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று! ஜிம் கார்பெட் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனபோது தோளில் ஒரே துப்பாக்கிதான். ஒருத்தனுக்கு ஒன்று போதும்.

வாடிப்பட்டி டெக்சாஸ்:
அண்ணே, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் 22 ரைபிள் முயலுக்கு. அதை வைத்துப் பன்றியைச் சுட்டால் காயத்தோடு புதருக்குள் ஓடி, கிடந்து சாகும். பன்றிக்குப் பெரிய தோட்டா போடும் 308. அதில் முயலைச் சுட்டால் கறி மிஞ்சாது. மானுக்கு 243, சுடும்போது தோளில் உதை குறைவு, என் மனைவியும் அதில்தான் சுடுகிறாள். நாலாவதில் தோளில் வைக்கும் கட்டை பிளாஸ்டிக், மழையில் ஊறாது. இங்கே எண்ணிக்கைக்கு வரம்பும் கிடையாது. கார்பெட்டிடம் ஒன்றா இருந்தது? 500 ஒன்று, 450/400 ஒன்று, சம்பாவத் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்குப் பரிசாகக் கிடைத்த 275 ரிக்பி ஒன்று. எண்ணிக்கொள்ளுங்கள்.

சாப்டூர் சம்சாரி:
வீட்டில் எத்தனை என்று யார் கேட்டது? தோளில் எத்தனை?

நாகமலைக்காரன்:
இரண்டு பேரும் சட்டத்தைப் பார்க்கவில்லை. நம் நாட்டில் லைசென்ஸ் உள்ள ஒருத்தர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கூடுதலை ஒப்படைக்க ஒரு வருஷம் கெடு. எங்கள் வீட்டில் மூன்று இருந்தது. தாத்தாவின் இரட்டைக்குழலைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை. ஒன்று போதும் என்று சொல்பவருக்கு அந்த வலி தெரியாது.

சாப்டூர் சம்சாரி:
வலியைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்? 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு நீங்கள் எந்தக் காட்டில் வேட்டையாடினீர்கள்? அலமாரியில் நிற்பதற்குப் பெயர் வேட்டைத் துப்பாக்கியா?

என் மக்காச்சோளத்தை வந்து பாருங்கள். சுற்றிலும் பழைய சேலை கட்டியிருக்கிறேன். பன்றி சேலையை மூக்கால் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. தட்டையைச் சாய்த்து, கதிரில் பாதியைக் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் என்று 2025 ஜனவரியில் அரசு சொன்னது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக்கூடாது. என் தோட்டத்திலிருந்து காடு கூப்பிடு தூரம். வெள்ளாமைக் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய கெட்டிப்புத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அது போதும் எனக்கு.

உசிலம்பட்டி மாப்ள:
சம்சாரி அண்ணே, சம்பாவத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1907ல் கார்பெட் கையில் மூன்று தோட்டாதான். அது தீர்ந்ததும் தாசில்தாரின் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் புலியை முடித்தார். ஆக, ரெண்டு வேண்டும்.

வாடிப்பட்டி டெக்சாஸ்:
அப்படிப் போடு மாப்ள! இன்னொன்று இருந்திருந்தால் இரவல் எதற்கு?

சாப்டூர் சம்சாரி:
தோட்டா பற்றாமல் போனதற்குத் துப்பாக்கி என்ன செய்யும்? ஆறு தோட்டா எடுத்துப் போயிருந்தால் ஒன்றே போதும். இரவல் வாங்கியது தோளில் சேராது. தோளில் எத்தனை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி மாப்ள:
போன தை மாதம் ஜல்லிக்கட்டு விவாதத்திலும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

சாப்டூர் சம்சாரி:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. உங்களூர்க் காளை வாடிவாசலில் நின்றதை நாடே பார்த்தது.

உசிலம்பட்டி மாப்ள:
காளையைப் பேசாதீர்கள். மரியாதை கெட்டுவிடும்.

நாகமலைக்காரன்:
இரண்டாவது துப்பாக்கி எதற்கு என்று தேர்தல் வந்தால் தெரியும். போன தேர்தலுக்குத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். திரும்பி வரும்போது குழலில் துரு, கட்டையில் விரல் நீளத்துக்குக் கீறல்.

சாப்டூர் சம்சாரி:
ரெண்டையும்தானே ஒப்படைத்தீர்கள்? அப்போது ரெண்டிலும்தானே துரு?

நாகமலைக்காரன்:
நக்கல் வேண்டாம். நான் சொன்னது கட்டையைப் பற்றி.

சாப்டூர் சம்சாரி:
கொடுக்கும்போது எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுத்தீர்களா? கீறல் இல்லை என்று ரசீதில் எழுதி வாங்கினீர்களா? நான் வாங்கினேன். எழுதித் தரும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அதைச் செய்யாதவர் எனக்குத் துப்பாக்கி பற்றிப் பாடம் எடுக்கிறார்.