காயச்சரக்கும் மீசாலை ஆச்சியும்: கோண்டாவில் வீடு குழு

ரமணன் அத்தான்: மாமி, நேற்று பின்னேரம் ஆஸ்பத்திரியால வீட்டை வந்திட்டம். தாயும் பிள்ளையும் நல்ல சுகம். தர்சி காலமை துவக்கம் பிள்ளை பெத்தவைக்குப் பத்தியமா வைக்கிற அம்மான்ர காயக்கறி வேணும் எண்டு ஒரே கரைச்சல். நான்தான் சமைக்கப்போறன், ஒருக்கா எழுதி விடுங்கோ. இஞ்ச ஸ்காபரோ கடையில பத்தியத்தூள் எண்டு பைக்கற் இருக்கு, அது காணுமோ?

பெரியம்மா: கடைத்தூளோ

பெரியம்மா: வேண்டாம் தம்பி அதுக்குள்ள என்னத்தைப் போட்டு இடிச்சவங்களோ தெரியாது, செத்தல் மிளகாய் கலந்திருந்தா பச்சை உடம்புக்காரிக்குக் கூடாது பிள்ளைக்கும் வயித்தால போகும். விசா மட்டும் வந்திருந்தா நான் இப்ப அங்க நிண்டு எல்லாம் செய்து குடுத்திருப்பன்

ஆசைமாமா லண்டன்: அக்கா விசாக் கதையைத் துவங்காதேங்கோ. சரக்கைச் சொல்லுங்கோ 😄

பெரியம்மா: பொறு எழுதுறன். மல்லி கால் கிலோ. மிளகு 100 கிராம். சின்னச்சீரகம் 100. வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, 50. மஞ்சள் துண்டு 50. திப்பிலி கிடைச்சா ஒரு சின்னச் சிறங்கை. ஒரு மாசத்துக்குக் காணும். செத்தலும் பெருஞ்சீரகமும் இதுக்குப் போடுறேல்லை. அங்க வெயில் இல்லைத்தானே, சட்டியை மெல்லிய நெருப்பில வைச்சு ஒவ்வொண்டாப் போட்டு சூடு காட்டி எடுங்கோ, மல்லி வாசம் வந்த உடனை இறக்கிப்போட வேணும், கறித்தூளுக்கு வறுக்கிற மாதிரி கறுக்க விட்டா கைக்கும்

ரமணன் அத்தான்: வேர்க்கொம்பு கல்லு மாதிரி இருக்கு மாமி. கிறைண்டர் தாங்குமோ?

பெரியம்மா: துணியில சுத்தி வைச்சு சுத்தியலால தட்டுங்கோ. தும்பு வரும் அதை அரிச்சு எறிஞ்சுபோட்டு மிச்சத்தை அடிக்கலாம்

குஞ்சம்மா வெள்ளவத்தை: அக்கா மஞ்சள் 50 கூட. 2020ல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டி விலை கிலோ ஆயிரக்கணக்கில போச்சே, அப்பதான் எனக்குத் தெரிஞ்சது பாதி போட்டாலும் கறி கறிதான் எண்டு

பெரியம்மா: உன்ர கறியை நான் திண்டனான்

ஆசைமாமா லண்டன்: 😂😂

பெரியம்மா: இனிக் கறி. மீன் அஞ்சாறு துண்டு. சின்ன வெங்காயம் ஒரு பிடி. உள்ளி ஒரு முழு உள்ளி, பல்லுப்பல்லா உரிச்சு அப்பிடியே போடுங்கோ வெட்ட வேண்டாம். பழப்புளி ஒரு பாக்களவு கரைச்சு, உப்பு, தண்ணி, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து உள்ளி மெத்தெண்டு வரும்வரைக்கும் கொதிக்க விடோணும். தூள் ரெண்டு மேசைக்கரண்டியைத் தண்ணியில களி மாதிரிக் குழைச்சு அதுக்குள்ள விட்டு பச்சைமணம் போன பிறகு மீன். மீன் போட்டா அகப்பை போடக்கூடாது, சட்டியைப் பிடிச்சு ஆட்டுறது. கடைசியா தேங்காய் முதற்பால் அரைக் கப் விட்டு ஒரு கொதி, இறக்கு

குஞ்சம்மா வெள்ளவத்தை: பாலோ??

குஞ்சம்மா வெள்ளவத்தை: அம்மா காயக்கறிக்கு ஒருநாளும் பால் விட்டவ இல்லை. எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் அம்மாதான் வந்து நிண்டு காய்ச்சித் தந்தவ. ரெண்டுக்கும் தண்ணிக்கறிதான். மேலால நல்லெண்ணெய் ஒரு கரண்டி. அவ்வளவுதான்

ஆசைமாமா லண்டன்: நான் திண்டது பால் விட்டது

குஞ்சம்மா வெள்ளவத்தை: நீ ஏன் காயக்கறி திண்டனி, பிள்ளை பெத்தது அக்காவெல்லோ

ஆசைமாமா லண்டன்: மீசாலையில எல்லாரும்தானே அதைத் திண்டம். வேற என்ன இருந்தது அங்க

ரமணன் அத்தான்: இப்ப நான் பால் விடுறதோ விடாமல் விடுறதோ? மீன் வெளியில எடுத்து வைச்சிட்டன்

நான்: பெரியம்மா வொய்ஸ் போட்டிருக்கிறா, நல்ல நீளம். தர்சி அக்கா பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டு இருப்பா கேக்கேலாது, அதால எழுதி விடுறன். அவ சொன்ன மாதிரியே எழுதுறன்:

"பால் மீசாலை ஆச்சியின்ர வேலை. 95 ஒக்டோபர் 30 ஆமி வருது எண்டு எங்கட வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டதெல்லோ, எனக்கு அப்ப நாள் கிட்ட. அம்மா முதலே சரக்கெல்லாம் காயவைச்சு இடிச்சு ஹோர்லிக்ஸ் போத்திலில போட்டு குசினித் தட்டில வைச்சிட்டா, பிள்ளை பிறந்த உடனை எடுக்கலாம் எண்டு. அண்டைக்கு எண்டு மழை. இவர் என்னை சைக்கிள் காரியலில இருத்தி உருட்டிக்கொண்டு வாறார், செம்மணி ரோட்டில சனம் சனமெண்டு நிக்குது, ஒரு அடி வைக்கிறது பேந்து கனநேரம் நிக்கிறது, நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிஞ்சு போச்சு. பாலத்தில வைச்சுத்தான் அம்மா என்னட்டைக் கேட்டா போத்தில் எடுத்தனியோ எண்டு. நான் அவ எடுத்திருப்பா எண்டு இருந்தன். காணி உறுதி வந்திருக்கு, பிள்ளைக்குத் துணி வந்திருக்கு, ரெண்டு பானை வந்திருக்கு, போத்தில் வரேல்லை.

மீசாலையில ஒரு வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டி இருந்தம், எங்களைப் போல அந்த வளவுக்குள்ளயே எத்தினை குடும்பம். தர்சி பிறந்து நான் திரும்பி தறப்பாளுக்கு வர, வீட்டுக்கார ஆச்சி வந்து பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ளுக்குப் போனா. பேந்து பார்த்தா அம்மிச்சத்தம். தன்ர பேத்தியின்ர பெறுவுக்கு எண்டு வைச்சிருந்த மல்லியும் வேர்க்கொம்பும் எடுத்து எனக்கு அரைக்கிறா. மிளகு காணாது, அதால உறைப்புக்கு வேர்க்கொம்பைக் கூட வைச்சா, தொண்டையில எரியும் அந்தக் கறி. கச்சாயில இருந்து ஒரு ஆள் சைக்கிளில சின்ன ஒட்டி மீன் கொண்டாறவர், அதுதான் மீன். கறி இறக்கப்போற நேரம் ஆச்சி தேங்காயைத் திருவிப் பிழிஞ்சு பாலோட வாறா. அம்மா மறிச்சா, பச்சை உடம்புக்குப் பால் மந்தம், எங்கட வழக்கத்தில இல்லை எண்டு. அதுக்கு ஆச்சி, பிள்ளை கத்துது இவளுக்குப் பால் வரேல்லை நீ வழக்கம் கதைக்கிறாய் எண்டு சொல்லிப்போட்டு சட்டிக்குள்ள ஊத்திப்போட்டா. அம்மாவுக்கு எப்பிடிக் கோவம். கனநாளா ஆச்சியோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை, ஆனா அதே சட்டியில எனக்குப் போட்டுத் தந்ததும் அம்மாதான்.

96 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தா வீட்டில கதவுமில்லை யன்னலுமில்லை, குசினித் தட்டில அந்தப் போத்தில் மட்டும் வைச்ச இடத்திலயே நிக்குது. திறந்தா வண்டு. பேந்து எனக்கு மகன் பிறக்கேக்கை அம்மா சரக்கு இடிச்சு வழக்கம்போல தண்ணிக்கறி வைச்சா, எனக்கு அது இறங்கேல்லை, பால் விடச் சொன்னன். அம்மா ஒண்டும் கதைக்கேல்லை, போய்த் தேங்காய் உடைச்சுக்கொண்டு வந்தா. குஞ்சுவுக்கு விடாமல் குடுத்தவ எண்டா அதுதான் அவவின்ர சரியான முறை. எனக்குத் தந்தது ஆச்சியின்ரை."

குஞ்சம்மா வெள்ளவத்தை: எனக்கு இதொண்டும் தெரியாது அக்கா. நான் எங்க நிண்டனான் அப்ப?

ஆசைமாமா லண்டன்: தேங்காய் திருவினது நீதான். திருவிற நேரம் பாதியைத் திண்டு ஆச்சியிட்டை ஏச்சும் வாங்கினனி

தர்சி அக்கா: முழிப்புத்தான், வாசிச்சன். அந்த ஆச்சி இப்ப இருக்கிறாவோ அம்மா

பெரியம்மா: இல்லைப் பிள்ளை. 2000ல சாவகச்சேரிப் பக்கம் சண்டை வர அவையும் வெளிக்கிட்டவை. பாதை திறந்த பிறகு நான் ஒருக்காப் போய்ப் பார்த்தன், வேற ஆக்கள் இருந்தவை, ஆச்சி வன்னியில செத்துப்போனா எண்டு சொல்லிச்சினம். மாமரம் நிண்டது

தர்சி அக்கா: இவர் பால் விட்டே செய்யட்டும்

குஞ்சம்மா வெள்ளவத்தை: விடட்டும் விடட்டும். ஆனா நல்லெண்ணெயும் விடச் சொல்லு

ரமணன் அத்தான்: ரின்னில வாற தேங்காய்ப்பால் சரியோ?

பெரியம்மா: சரி. தடிப்பா இருந்தாக் கொஞ்சம் தண்ணி கலவுங்கோ. மற்றது சுறா வறை மறக்க வேண்டாம், பாற்சுறா அவிச்சு உதிர்த்து முருங்கையிலை போட்டு வறுத்துக் குடுத்தா பால் நல்லாச் சுரக்கும்

ரமணன் அத்தான்: அதிலதான் பிரச்சினை மாமி. வீட்டை வந்து பார்த்த நேர்ஸ் சொன்னவ, பால் குடுக்கிற தாய் சுறா மாசத்துக்கு 150 கிராமுக்கு மேல சாப்பிடக்கூடாதாம். கனடா சுகாதார அமைச்சின்ர அறிவுறுத்தலே அதுதான். பாதரசமாம்

பெரியம்மா: நாங்கள் எல்லாரும் சுறா திண்டுதானே பெத்து வளர்த்தனாங்கள்

நான்: பெரியம்மா, பெரிய மீன் சின்ன மீனைத் திண்டு திண்டு கனவருசம் சீவிக்கிறதால அதின்ர உடம்பில பாதரசம் சேர்ந்துகொண்டே போகுமாம். சுறா, வாள்மீன், பெரிய சூரை எல்லாம் அந்த லிஸ்ரில இருக்கு. சின்ன மீனுகளில குறைவு

பெரியம்மா: அதுக்குத்தானே எங்கட ஆக்கள் குட்டிச்சுறாவாப் பார்த்து வாங்கினது

குஞ்சம்மா வெள்ளவத்தை: அக்கா அவை பாதரசம் பார்த்து வாங்கேல்லை. குட்டி மலிவு, முள்ளும் மெது

ரமணன் அத்தான்: 😄 அப்ப கொட் மீன் அவிச்சு உதிர்த்து வறை செய்யட்டோ? முருங்கையிலை பிறிசறில வைச்சு விக்கிறாங்கள்

பெரியம்மா: செய்யுங்கோ. சுறா மாதிரித் தும்பாய் வராது, நல்லாப் பிழிஞ்சு தண்ணி எடுத்திட்டு தேங்காய்ப்பூவோட சேருங்கோ. நண்டு இறால் கத்தரிக்காய் ஒண்டும் குடுக்க வேண்டாம், கிரந்தி, சொறி வரும்

தர்சி அக்கா: நேர்ஸ் எல்லாம் சாப்பிடலாம் எண்டவ அம்மா. தண்ணியும் நல்லாக் குடிக்கட்டாம்

பெரியம்மா: தண்ணி குடி. அதில அவ சொல்லுறது சரி. எங்களுக்குச் சுடுதண்ணி மிடறு மிடறாத்தான் தந்தவை, வயிறு வைக்குமாம், நான் நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தனான். நண்டு மட்டும் பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் கழியும்வரைக்கும் வேண்டாம் எனக்காக

தர்சி அக்கா: சரி அம்மா

நான்: நாளைக்கு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மல்லியும் மிளகும் வாங்கி இடிச்சு பார்சல் போடுறன் பெரியம்மா. முதல் மாசத்துக்குப் பிந்தினாலும் பிறகும் உதவும். அளவு மேல போட்டதுதானே?

குஞ்சம்மா வெள்ளவத்தை: மஞ்சள் 25

பெரியம்மா: மஞ்சள் 50

ரமணன் அத்தான்: (படம்)

ரமணன் அத்தான்: செய்திட்டன். பாலும் விட்டிருக்கு, நல்லெண்ணெயும் விட்டிருக்கு. தர்சி ரெண்டாந்தரமும் சோறு போட்டவ. உப்புக் காணாதாம்

பெரியம்மா: உப்பு அப்பிடித்தான் இருக்கோணும். நிறம் நல்லா வந்திருக்கு தம்பி. மீன்தலை எங்க?

ரமணன் அத்தான்: கடையில வெட்டேக்கை எறிஞ்சு போட்டாங்கள் மாமி

பெரியம்மா: ஐயோ தலையையோ. அடுத்தமுறை பக்கத்தில நிண்டு வெட்டுவியுங்கோ. தலை, செவுள் எடுத்திட்டு ரெண்டாப் பிளந்து தரச்சொல்லுங்கோ. ஒட்டி இல்லாட்டி விளைமீன் கேளுங்கோ அது கட்டாயம் இருக்கும்