புதுப்பிப்பு: ஸ்டீல் மலை சைக்கிளில் வந்த 'கிரீச்' சத்தம் நின்றுவிட்டது

4130 குரோமோலி (ஒரு வகை ஸ்டீல் கலவை) ஃபிரேம் வாங்கி நானே பாகங்களைப் பூட்டிச் சேர்த்த சைக்கிள், ஏற்காடு ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் 'கிரீச்' என்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பெரும்பாலோர் சொன்னபடி பாட்டம் பிராக்கெட்டை (பெடல்களின் அச்சு சுழலும், ஃபிரேமின் அடியில் உள்ள பேரிங் பகுதி) கழற்றி, கிரீஸ் தடவி இறுக்கினேன். அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் வலப்பக்கக் கப் தலைகீழ் மரை. கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். சத்தம் போகவில்லை. செயின்ரிங் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) போல்ட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன.

அப்புறம் கோவை நண்பர் சொன்ன சோதனை. எழுந்து நின்று மிதித்தால் சத்தம் இல்லை, உட்கார்ந்தால் வருகிறது. சரி, சத்தம் சீட் போஸ்ட்டில்தான் (சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய்). கழற்றித் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டினேன் (என்னுடையது அலுமினியம், கார்பன் போஸ்ட்டுக்கு கிரீஸ் கூடாது, அதற்கான பேஸ்ட் தனி). அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பார்த்தேன், ஒரு முனகல்கூட இல்லை.

எதிர்பாராதது ஒன்று: பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியதும் அரை டம்ளர் துருத் தண்ணீர் கொட்டியது. காபித் தோட்டத்து மண்பாதைகளில் மழையில் ஓட்டியதில் அடியிலிருந்த வடிகால் ஓட்டை சேற்றால் அடைத்திருக்கிறது. ஸ்டீல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் அந்த ஓட்டையை ஒருமுறை குத்திப் பாருங்கள். நான் இரண்டு நாள் காயவைத்து, குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெய் விட்டு உருட்டியிருக்கிறேன்.