தண்ணி பீச்சுது, ஆனா எஞ்சின் சுடுது: பழைய அவுட்போர்டு அனுபவங்கள்

ஆன்டாப் ஹில்லிலிருந்து:

மும்பை வெர்சோவாவில் நம்ம கோலி மீனவ நண்பர் ஒருத்தர்கிட்ட எழுபதுகளில் வந்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) இருக்கு, ரெண்டு சிலிண்டர். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி வெளியே வர்ற பக்கவாட்டு ஓட்டையில் தண்ணி கம்பி மாதிரி பீச்சும். ஆனா கழிமுகம் தாண்டி த்ராட்டிலை முழுசா திறந்தா கொஞ்ச நேரத்தில் இழுவை செத்துரும். தண்ணிதான் வருதேன்னு ஆளாளுக்கு கார்புரேட்டரைக் கழட்டிக்கிட்டிருந்தாங்க.

அந்த ஓட்டையை நம்பக்கூடாதுங்க. பம்ப் தள்ளுதுன்னு மட்டும்தான் அது சொல்லும். சிலிண்டர் இருக்குற பிளாக்கைச் சுத்தித் தண்ணி ஓடுதான்னு சொல்லாது. இரும்பு டிரம்மில் கேவிடேஷன் பிளேட் (புரொப்பெல்லருக்கு மேலே இருக்குற தட்டு) முழுகுற வரைக்கும் தண்ணி ஊத்தி ஓட்டி, சிலிண்டர் மூடியான ஹெட்டில் வெப்பமானி துப்பாக்கியை வெச்சேன். கீழ் சிலிண்டர் 60 டிகிரிகிட்டயே நின்னுது. மேல் சிலிண்டர் 100ஐத் தாண்டியும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. துப்பாக்கி இல்லாதவங்க ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, சுர்ருன்னு கொதிச்சா உடனே நிறுத்துங்க.

ஹெட் போல்ட் உப்புப் பிடிச்சு இறுகியிருக்கும். முறுக்கினா உள்ளேயே ஒடியும். சூடு காட்டி, துரு எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டுத்தான் எடுத்தோம். உள்ளே தண்ணிப் பாதை முழுக்க சாம்பல் நிறக் கட்டி. அதுக்கு நடுவில் எப்பவோ பிஞ்ச இம்பெல்லரோட (தண்ணி பம்புக்குள்ளே சுத்துற ரப்பர் சக்கரம்) இதழ் ஒண்ணு, விரல் நகம் அளவு, பாதைக்குக் குறுக்கே உக்காந்திருந்துச்சு. புது இம்பெல்லர் போட்டவர் பழசில் இதழ் குறையுதேன்னு தேடவே இல்லை போல. மூங்கில் குச்சியால் சுரண்டி, வினிகர் ஊத்திக் கழுவினோம். ரொம்ப நேரம் விட்டா அலுமினியத்தையே தின்னுரும், கவனம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பா வைக்கிற கேஸ்கெட்டும் மேல் சிலிண்டர் ஓரம் கருகியிருந்துச்சு, மாத்தியாச்சு.

முலுண்டிலிருந்து:

எனக்கு நேர் எதிர், அண்ணே. தண்ணி சுத்தமா வரல, எல்லாரும் இம்பெல்லர்னாங்க. ஓட்டையில் குளவி மண் கூடு! மெல்லிய கம்பி விட்டதும் பீச்சிடுச்சு. தானே ஊர்க் கழிமுகத்தில் இன்னொரு தொல்லை, கேரி பேக். நீர் உறிஞ்சுற சல்லடையில் போய் ஒட்டிக்கும். மோட்டாரைத் தூக்கிப் பாத்துட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்க.

வாஷியிலிருந்து:

மழைக்கால மீன்பிடித் தடை முடிஞ்சு ஆகஸ்டில் படகு இறக்குறவங்களுக்கு ஒண்ணு. சும்மா கிடந்த இம்பெல்லர் இதழ் மடிஞ்ச நிலையிலேயே விறைச்சுப் போயிரும். பாக்க நல்லா இருக்கும், தண்ணி தள்ளாது. மாத்தும்போது டிரைவ் ஷாஃப்டை அது சுத்துற பக்கமே திருப்பி உள்ளே இறக்குங்க. இம்பெல்லரை ஷாஃப்டோட பிணைக்கிற சின்னச் சாவி நழுவாம இருக்க துளி கிரீஸ் போதும். கீழ்ப்பகுதியை மாட்டும்போது தண்ணி மேலே போற செப்புக்குழாய் பம்போட ரப்பர் வளையத்துக்குள்ளேதான் போகுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. விலகிப்போனா புது பம்ப் போட்டும் பிரயோசனமில்லை. தண்ணியில்லாம ஸ்டார்ட் பண்ணினா புது ரப்பரும் கொஞ்ச நேரத்தில் காலி. இன்னொண்ணு, சில பழைய ஜான்சன், எவின்ரூடு மாடல்களில் அந்தப் பக்கவாட்டு ஓட்டையே கிடையாது. தண்ணிக்குள்ளே இறங்குற மோட்டார் காலுக்குப் பின்னாடி புகையோட தண்ணித் தூறல் வருதான்னு பாக்கணும். ரெண்டும் ஒரே கம்பெனி சரக்கு, அதனால ஒரே வருஷ மாடல்னா பெரும்பாலும் ஒண்ணோட பாகம் இன்னொண்ணுக்குச் சேரும்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து:

கேஸ்கெட் எங்கே கிடைக்கும்னு ஒருத்தர் கேட்டிருந்தார், அவருக்கு: ஒரிஜினல் கிடைச்சா அதையே போடுங்க. கிடைக்கலைன்னா பழசை மாதிரிக்கு எடுத்துக்கிட்டு மும்பை நாக்தேவி தெருவுக்குப் போங்க, ஷீட்டில் வெட்டித் தருவாங்க. தண்ணி ஓட்டை ஒவ்வொண்ணும் பழசோட பொருந்துதான்னு கடையிலேயே வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க.