32 வயசு, 88 கிலோ, சென்னைல எந்த ஃபைட்டிங் கிளாஸ்ல சேரலாம்? ஓஎம்ஆர் பக்கம் இருக்கவங்க சொல்லுங்க

பெருங்குடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வேலை சோழிங்கநல்லூர்ல, வீடு பெருங்குடில. எட்டு வருஷமா சேர்லயே உக்காந்து இடுப்பு போச்சு. ஜிம்முக்கு மூணு தடவை பணம் கட்டி மூணு தடவையும் ரெண்டாவது மாசத்தோட நின்னுட்டேன், சும்மா இரும்பத் தூக்கி வைக்கிறது எனக்கு ஒட்டவே இல்ல. ஆறாவது படிக்கும்போது ஸ்கூல்ல கராத்தே போனேன், மஞ்ச பெல்ட் வாங்கினேன், ஆரஞ்சுக்கு பரீட்சை ஃபீஸ் கேட்டப்ப அப்பா "போதும், படிக்கிற வேலையப் பாரு"ன்னுட்டார். அந்த ஆசை இன்னும் உள்ளுக்குள்ள கெடக்கு.

நாலு எடம் விசாரிச்சு வச்சிருக்கேன். எங்க அப்பார்ட்மென்ட் பின்னாடி ஒரு ஹால்ல கராத்தே நடக்குது, ஆனா நான் பாத்தப்ப எல்லாமே பத்து வயசுப் பசங்க, நான் போய் நின்னா புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்த அப்பான்னு நெனப்பாங்க. அடுத்து மெயின் ரோட்லயே ஒரு எம்எம்ஏ (பல சண்டை வகையும் கலந்தது) ஜிம், ஏசி, கூண்டு எல்லாம் இருக்கு, பிஜேஜே (பிரேசிலியன் ஜியு ஜிட்சு, தரைல உருண்டு பிடிபோடுறது), முவாய் தாய் (தாய்லாந்து கிக் பாக்ஸிங்), பாக்ஸிங் மூணும் ஒரே பேக்கேஜ், வருஷத்துக்கு மொத்தமா கட்டினா பாதி விலை, ஆனா இன்னைக்கே கட்டணும்னு டெய்லி போன் பண்றாங்க (நாலு நாளா அந்த "இன்னைக்கு" முடியல). மச்சான் ஒருத்தன் ராயபுரம் பக்கம் பாக்ஸிங் போறான், கோச் தங்கமான ஆளு, ஃபீஸும் ரொம்பக் கம்மின்றான். கடைசியா பெசன்ட் நகர் பீச்ல ஞாயித்துக்கெழம காலைல சிலம்பம் சுத்துறாங்க, பாத்துட்டு நின்னதுல அரை மணி நேரம் போனதே தெரியல.

இதுல எது பெஸ்ட்? ரோட்ல எவனாவது வம்புக்கு வந்தா சமாளிக்கணும், தொப்பையும் கொறையணும், முட்டியும் போகக்கூடாது. எல்லாத்தையும் சேத்துக் கேக்குறான்னு திட்டாதீங்க.

வெள்ளபெல்ட்டு:

ப்ரோ, நான் பிஜேஜே மூணு வருஷமா போறேன், போன மாசம்தான் நீல பெல்ட் வந்துச்சு, இங்க பேர மாத்த சோம்பேறித்தனம். எது பெஸ்ட்டுன்ற கேள்வியத் தூக்கி ஓரமா வைங்க. மொதல்ல சாயந்தரம் ஏழு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நின்னு மேப்பத் தொறந்து ஒவ்வொரு எடத்துக்கும் எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, மத்தியானம் பாத்து ஏமாறாதீங்க. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்குற நெலமைக்கு ராயபுரம்லாம் ஊரோட அந்தக் கோடி, மச்சான் எவ்ளோ புகழ்ந்தாலும் நீங்க ரெண்டு வாரம் தாண்ட மாட்டீங்க. நவம்பர்ல வேளச்சேரில தண்ணி நிக்கும்போதும் போயிடலாம்னு தோணுற எடம் எதோ அதான் உங்க எடம்.

அப்புறம், சேரப்போற அதே டைம்ல நடக்குற கிளாஸ ஒரு தடவையாச்சும் ஓரமா உக்காந்து முழுசாப் பாருங்க. மாஸ்டரப் பாக்காதீங்க, மாஸ்டர் எங்கயும் நல்லாத்தான் ஒதைப்பார், வீடியோலயும் நல்லாத்தான் இருப்பார். அங்க ஆறு மாசமா வந்துட்டிருக்க சுமாரான ஆளு ஒருத்தர் இருப்பார், உங்கள மாதிரி தொப்பையோட, அவரக் கண்டுபிடிச்சு அவர மட்டும் பாருங்க. அவருக்கு ஏதாவது வருதா? பழைய ஆளுங்க அவர்கூட எப்படி விளையாடுறாங்க? அவர் டேப் பண்ணின (போதும் விடுன்னு கையால தட்டின) ஒடனே விடுறாங்களா இல்ல இன்னும் ரெண்டு செகண்ட் முறுக்குறாங்களா? நான் போற எடத்துல ஒரு பிரவுன் பெல்ட் என்னைய விட இருபது கிலோ அதிகம், புதுசா வர்றவங்ககூட ஆடும்போது ஏதோ முட்டையப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார், அவர் ஒருத்தருக்காகவே நான் மாறாம இருக்கேன்.

இன்னொண்ணு, பிஜேஜே மாதிரி தரைல உருளுற கிளாஸ்னா முடிஞ்சதும் மேட்டத் தொடைக்கிறாங்களான்னு பாருங்க. நான் மொதல்ல போன எடத்துல தொடைக்கல, ரெண்டே மாசத்துல கழுத்துலயும் தொடையிலயும் படர்தாமரை, சென்னை வேர்வைக்கு அது போக ஒன்றரை மாசம் ஆச்சு, வீட்ல எனக்குத் தனித் துண்டு, தனி சோப்பு, தனிப் பாய்னு ஒதுக்கியே வச்சுட்டாங்க.

காசிமேட்டுக்காரி:

தம்பி, ராயபுரம் காசிமேடு பசங்களுக்கு பாக்ஸிங் தண்ணி பட்ட பாடு, உங்க மச்சான் சொல்றதுல தப்பே இல்ல. ஆனா அங்க பாதிப் பேர் போட்டிக்குப் போற பசங்க, கோச்சோட கண்ணு அவங்க மேலதான் இருக்கும், அது நியாயமும்கூட. 32 வயசுல புதுசா வர்றவருக்குத் தனியா நேரம் ஒதுக்குவாரான்னு கேட்டுட்டுப் போங்க.

நான் இங்க எழுத வந்ததே வேற விஷயத்துக்கு. எந்தக் கிளாஸா இருந்தாலும் மொத மாசத்துலயே க்ளவுஸ மாட்டி "ஃபுல்லா அடி"ன்னு ரிங்ல ஏத்தி விட்டா ஒடனே ஓடி வந்துடுங்க. எனக்கு ரெண்டாவது வாரமே நடந்துச்சு, எடத்தோட பேர் வேணாம். ஒரு நல்ல ரைட் தாடைல வாங்கி ரெண்டு நாள் தலைவலி, வாந்தி. "ஹெட்கார்டு போட்டிருந்தல்ல, ஒண்ணும் ஆகாது"ன்னார் மாஸ்டர். ஹெட்கார்டு தோல் கிழியாம காப்பாத்தும், மூளை உள்ள குலுங்குறத அது தடுக்காது. பெரிய போட்டிகள்ல ஆம்பளைங்களுக்கு 2013லயே அத எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்ல அவங்க தலைல ஒண்ணும் இல்லாமத்தான் ஆடினாங்க. இத அவர்கிட்ட சொன்னேன், நீ ரொம்பப் படிக்கிறன்னார். இப்ப இருக்க கோச் மொத ஆறு வாரம் எனக்கு ஸ்கிப்பிங், நிக்கிறது, கால் நகத்துறது, ஜாப் (முன்கையால நேராக் குத்துறது), இத தவிர வேற எதையும் காட்டல, போர் அடிச்சுச்சு, ஆனா தலை நல்லா இருக்கு.

அந்த "இன்னைக்கே கட்டு" ஜிம்முக்கு மாசா மாசம்தான் கட்டுவேன்னு சொல்லிப் பாருங்க. என்கூட வேலை பாக்குற பொண்ணு இப்படித்தான் ஒரு எடத்துல வருஷப் பணத்த மொத்தமாக் கட்டினா, நாலாவது மாசம் ஷட்டர் பூட்டியாச்சு, வாட்ஸப் குரூப்பும் கலைஞ்சுபோச்சு.

டோஜோவாத்தியார்:

கராத்தேவ யாரும் சப்போர்ட் பண்ணல, அதனால நான் வர்றேன். பசங்க பேட்ச் ஆறு மணிக்கு முடிஞ்சதும் பல ஹால்ல ராத்திரி பெரியவங்க பேட்ச் இருக்கும், போர்டுல போட மாட்டாங்க, வாட்ச்மேன்கிட்ட கேட்டா சொல்வார். போய்க் கேட்டீங்களா இல்ல ஜன்னல் வழியாப் பாத்துட்டு வந்துட்டீங்களா?

கேக்கும்போது ரெண்டு விஷயத்தையும் சேத்துக் கேளுங்க. ஒண்ணு கிரேடிங் ஃபீஸ், பிளாக் பெல்ட் வரைக்கும் மொத்தம் எவ்ளோ ஆகும்னு. மாச ஃபீஸ் கம்மியா வச்சுட்டு மூணு மாசத்துக்கு ஒரு பரீட்சை, சர்டிஃபிகேட், புது டிரஸ்னு வாங்குற எடங்கள் உண்டு, உங்க அப்பா அன்னைக்குச் சரியாத்தான் கடுப்பானார். ரெண்டு, கட்டா (தனியா நின்னு பண்ற வரிசை அசைவு) மட்டும்தானா இல்ல ஆள் எதிர்ல நின்னு மோதுற குமிதேவும் உண்டான்னு. காத்துல குத்தியே பிளாக் பெல்ட் ஆனவங்கள நான் நெறைய பாத்துட்டேன்.

"ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட் கேரன்டி"ன்னு போர்டு வச்சிருந்தா சிரிச்சுட்டு நடையக் கட்டுங்க. கறுப்பு பெல்ட் கட்டுற வழக்கத்த 1880கள்ல ஜூடோவ உருவாக்கின கானோ ஜிகோரோ அதுல கொண்டு வந்தார், கராத்தேக்காரங்க நாங்க அங்கேருந்துதான் எடுத்துக்கிட்டோம், அவர் எந்தக் கேரன்டியும் கொடுக்கல. பிஜேஜேல நீலத்துலேருந்து ஊதாவுக்குப் போகவே குறைஞ்சது 2 வருஷம்னு ஐபிஜேஜேஎஃப்ன்ற சர்வதேச பிஜேஜே அமைப்போட விதி இருக்கு, வெள்ளபெல்ட்டு தம்பிக்குத் தெரிஞ்சிருக்கும்.

வெள்ளபெல்ட்டு:

தெரியும் சார், அதான் பேர மாத்தல.

கம்புக்காரன்:

பீச்ல பாத்து அரை மணி நேரம் நின்னீங்கள்ல, மத்த மூணுக்கும் நீங்க அப்படி நின்ன மாதிரி எழுதல. அத யாரும் கவனிக்கலயே. தூரம், ஃபீஸ் எல்லாம் சரி, ஆனா ஆசை இல்லாத எடம் வாசல்லயே இருந்தாலும் ஜிம் கதைதான் ஆகும்.

ஆனா சிலம்பம்னா மொத நாளே கம்பு சுத்தலாம்னு வராதீங்க. எங்க ஆசான் மூணு வாரம் காலடி மட்டும்தான் போட வச்சார், கம்பு செவுத்துல சாஞ்சு நின்னுட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் மணிக்கட்டு வீங்கும், கணுக்கால்ல நீங்களே உங்கள அடிச்சுக்குவீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் போனா ஒண்ணும் நிக்காது, வீட்டு மொட்டை மாடில தெனமும் இருபது நிமிஷம் வேணும். அலங்காரச் சிலம்பம் மட்டும் சொல்லிக் கொடுக்குற எடமா, தொட்டு ஆடுற போட்டியும் உண்டான்னும் கேளுங்க, ரெண்டும் வேற வேற ருசி. 2024 ஜனவரில தமிழ்நாட்ல கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நடந்தப்ப சிலம்பத்த டெமோ விளையாட்டாச் சேத்தாங்க, அப்பறம் எங்க பேட்ச்ல கூட்டம் ஏறிடுச்சு, சின்னப் பசங்க நம்மள விட வேகமாச் சுத்துறத பாக்கும்போது கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

ரோட்ல வம்புக்கு வந்தா? பர்ஸக் கொடுத்துட்டு ஓடுங்க. நெத்தி ஒயரக் கம்ப ஆபீஸ் பேக்ல வச்சுட்டுத் திரிய முடியுமா?

காசிமேட்டுக்காரி:

ஓடுறதுக்கும் மூச்சு வேணும் கம்புக்காரரே, அதுக்காச்சும் ஸ்கிப்பிங் பண்ணச் சொல்லுங்க.

பெருங்குடிக்காரன்:

மூணு வாரம் ஆச்சு, எல்லாருக்கும் நன்றி, நடந்தத சொல்லிடறேன்.

எம்எம்ஏ ஜிம்ல கிளாஸ் பாக்கணும்னேன், "சார் டூர் காட்றோம்"னு கூண்டையும் ஷவரையும் ஜூஸ் கவுன்டரையும் காட்டினாங்க, கிளாஸ் நடக்குற ரூம்ல மட்டும் உக்கார விடல. மாசா மாசம் கட்டுறேன்னதும் அந்த டெய்லி போன் தானா நின்னுடுச்சு. ராயபுரம் ஒரு நாள் போனேன், கோச் நெஜமாவே தங்கம், போக ஒன்னே முக்கா மணி நேரம். திரும்பும்போது பைக்லயே முடிவு பண்ணிட்டேன்.

டோஜோவாத்தியார் சார், நீங்க சொன்னது சரி, நான் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன். ராத்திரி எட்டரைக்குப் பெரியவங்க பேட்ச் இருக்கு, ஆறு பேர். அதுல பேங்க்ல வேலை பாக்குற ஒருத்தர், வயசு 45 இருக்கும், என்னைய விடப் பெரிய தொப்பை, ஏழு மாசமா வர்றாராம். ஒரு மணி நேரம் அவரையே பாத்தேன், குமிதேல ஒரு சின்னப் பையன் வேகமா உள்ள வந்தான், இவர் பதறாம அரை அடி நகந்து அவன் நெஞ்சுல கைய வச்சு நிறுத்திட்டு சிரிச்சார். அடுத்த நாளே ஒரு மாசத்துக்குக் கட்டிட்டேன். வீட்லேருந்து நடந்தா நாலு நிமிஷம். வெள்ள பெல்ட்லேருந்துதான் ஆரம்பிக்கணும்னுட்டார் மாஸ்டர், என் மஞ்ச பெல்ட் செல்லாதாம்.

கம்புக்காரர் சொன்னது மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கறதால ஞாயித்துக்கெழம பீச்சுக்கும் போறேன், இன்னும் காலடிதான், கம்ப தொட விடல.

இப்ப ஒரு சந்தேகம். தாழ்வா நின்னு பயிற்சி பண்ணின மறுநாள் வலது முட்டில உள்பக்கமா லேசா வலிக்குது, படி எறங்கும்போது மட்டும். பழகினா போயிடுமா, இல்ல மாஸ்டர்கிட்ட சொல்லி நிக்கிற ஒயரத்தக் கொஞ்சம் ஏத்திக்கணுமா?

டோஜோவாத்தியார்:

நாளைக்கே மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, பல்லக் கடிச்சுட்டுப் பண்ணாதீங்க. கால் பெருவிரல் பாக்குற தெசையில முட்டி போகுதா இல்ல உள்ள விழுதான்னு கண்ணாடில பாருங்க, 88 கிலோ உள்பக்கமா எறங்கினா வலிக்கத்தான் செய்யும். ஒயரத்த ஏத்திக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல. ரெண்டு வாரத்துல கொறையலன்னா எலும்பு டாக்டரப் பாத்துடுங்க.