மாமாவுக்கு பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன், கைக்காசு போட்டு எடுக்கலாமா?

சாட்ஸ்வர்த் மருமக:
வணக்கம். மாமனாருக்கு 71 வயசு, பயாப்ஸில ப்ராஸ்டேட் கேன்சர்னு வந்துடுச்சு, கேன்சர் எவ்ளோ வீரியம்னு சொல்ற கிளீசன் மார்க்கு 8, ரத்தத்துல பாக்குற பிஎஸ்ஏ 26. டாக்டர் பிஎஸ்எம்ஏ பெட் எடுத்துட்டு வாங்கன்றார், அதான் ப்ராஸ்டேட் கேன்சர் செல்லுல போய் ஒட்டுற மருந்தை ஊசில போட்டு எடுக்குற ஸ்கேன், இங்க சவுத் ஆப்பிரிக்கால நாங்க கட்டுற மருத்துவ இன்சூரன்ஸ், மெடிக்கல் எய்டுல கேட்டா சாதா சிடியும் போன் ஸ்கேனும் போதும் அதுக்குத்தான் பணம்னு நிக்கிறாங்க. வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, சின்ன மாமா எல்லாம் காசு புடுங்குற வேலைன்றார். நெசமாவே அவ்ளோ வித்தியாசம் இருக்கா?

ஸ்கேன் ரூம் அண்ணாச்சி, பீனிக்ஸ்:
இருக்கும்மா. நான் இந்த வேலையிலதான் இருக்கேன். ஆஸ்திரேலியால ப்ரோபிஎஸ்எம்ஏன்னு ஒரு ஆய்வு, 2020ல லான்செட்ல வந்துச்சு, உங்க மாமனார் மாதிரி ஹை ரிஸ்க் ஆளுங்க 302 பேரு, ஒரு குரூப்புக்கு மொதல்ல சிடி போன் ஸ்கேன், இன்னொண்ணுக்கு மொதல்ல பெட். நெறிக்கட்டிக்கோ (லிம்ப் நோடு) எலும்புக்கோ பரவியிருக்கான்னு சரியா சொன்னது பெட் 92 சதவீதம், பழசு 65. ரேடியேஷனும் பாதிக்கும் கம்மி. இந்த ஸ்கேன் ஏன் வேணும்னு மெடிக்கல் எய்டுக்கு எழுதுற மோட்டிவேஷன் லெட்டர்ல டாக்டரை இந்த ஆய்வு பேரையே போட்டு எழுதச் சொல்லுங்க, ஒரு தடவ முடியாதுன்னா விட்றாதீங்க.

அப்புறம், படத்தை வீட்டுல யாரும் தானா பாத்து பயந்துறாதீங்க. கன்னத்தோரம் எச்சில் சுரப்பி, கிட்னி, மூத்திரப்பை எல்லாம் கருகருன்னு தெரியும், அய்யோ உடம்பு பூரா பரவிடுச்சேன்னு அழுதவங்க உண்டு. அது எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், மருந்து அங்கயும் போய் ஒட்டும்.

ப்ரிட்டோரியா குமார்:
அண்ணாச்சி சொல்றது சரி, ஆனா நல்லா கண்டுபிடிக்கிறது வேற, அதனால ஆளு கூட நாள் இருப்பாரான்றது வேற, அந்த ஆய்வு ரெண்டாவதைக் காட்டல. அதே ஆய்வுல பெட் பாத்துட்டு வைத்தியத்தை மாத்துனது 28 சதவீதம் பேருக்கு, பழைய ஸ்கேன்ல 15. அதனால டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க அக்கா, இதுல ஒரு புள்ளி தெரிஞ்சா ஆபரேஷன் வேணாம்பீங்களா, ரேடியேஷன் குடுக்குற இடம் மாறுமான்னு. எதுவும் மாறாதுன்னா எதுக்கு கடன் வாங்கணும். விலா எலும்புல ஒத்தப் புள்ளி வந்தா பல நேரம் அது கேன்சராவே இருக்காது, உடனே நாலாம் ஸ்டேஜ்னு முடிவு கட்டிடாதீங்க.

லேனேசியா செல்வி:
கேன்சர் செல்லுல ஒட்டி கதிர்வீச்சால அழிக்கிற லுட்டீஷியம் ஊசின்றாங்களே, அது மாமாவுக்கு ஆகுமா?

ப்ரிட்டோரியா குமார்:
இப்போதைக்கு அந்தப் பேச்சே வேணாம். அது பரவி, ஹார்மோன் மருந்து பாத்தும் அடங்காதவங்களுக்கு. 2021ல வந்த விஷன் ஆய்வுல 831 பேரு, லுட்டீஷியம் சேத்துக் குடுத்தவங்கள்ல பாதிப் பேரு 15.3 மாசத்தைத் தாண்டி உயிரோட இருந்தாங்க, குடுக்காதவங்கள்ல பாதிப் பேரு 11.3 மாசத்தை. நம்ம ப்ரிட்டோரியால டாக்டர் சதெகே டீம் ஆக்டினியம்னு இன்னொரு கதிர்வீச்சு மருந்து வெச்சு இதே மாதிரி வைத்தியம் பண்றாங்க, இந்தியா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா சென்டர்களையும் சேத்து 488 பேரோட கணக்கு 2024ல வந்துச்சு. கைவிட்ட கேஸ்ல கூட பாதிக்கு மேல பிஎஸ்ஏ நல்லா எறங்கியிருக்கு, ஆனா வாய் வறட்சி நெறைய பேருக்கு, அண்ணாச்சி சொன்ன எச்சில் சுரப்பி சமாச்சாரம்தான். பழைய ஃபைலைத் திரட்டிப் பாத்த ஆய்வு, ஆளுங்களைக் குலுக்கல்ல ரெண்டு குரூப்பா பிரிச்சு பண்ணதில்ல.

சாட்ஸ்வர்த் மருமக:
ரொம்ப நன்றி. பேத்திக்கு ஒரு வயசு, அவர் மடியிலயேதான் கெடப்பா, ஸ்கேன் அன்னைக்கு தள்ளி வெக்கணுமா?

ஸ்கேன் ரூம் அண்ணாச்சி, பீனிக்ஸ்:
ஸ்கேனுக்குப் போடுறது கேலியம் ஊசின்னா அதோட கதிர்வீச்சு 68 நிமிஷத்துக்கு ஒரு தடவ பாதியாயிடும், ஃப்ளூரின் ஊசின்னா 110. சாயங்காலம் வரைக்கும் மடியில வேணாம், தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க. ராத்திரி தூக்கிக்கட்டும்.